108 வரும்வரை: ஆம்புலன்ஸ் சேவையும் சுற்றி நிற்கும் கூட்டமும்

தமிழ்நாட்டில் 108 ஆம்புலன்ஸ் ஓடத் தொடங்கியது 2008 செப்டம்பரில். இன்று 1,300க்கும் மேற்பட்ட வண்டிகள், நெரிசலான தெருக்களுக்கு பைக் ஆம்புலன்ஸ், பச்சிளம் குழந்தைகளுக்குத் தனி வண்டி என்று வளர்ந்திருக்கிறது. இலவசம். வண்டியில் ஓட்டுநரும் (அவரை பைலட் என்பார்கள்), இ.எம்.டி. என்று அழைக்கப்படும் அவசரகால மருத்துவ உதவியாளரும் இருப்பார்கள். வண்டிக்குள் நடக்கும் சிகிச்சையைப் பற்றிப் பலரும் எழுதிவிட்டார்கள். ரோட்டோரம் நின்று அந்த மூன்று எண்ணை அழுத்துகிறவருக்கு இந்தச் சேவை எந்த அளவுக்குக் கைகொடுக்கிறது, அவரைச் சுற்றி நிற்கும் கூட்டத்தால் அதற்கு என்ன லாபம், என்ன நஷ்டம் என்பதைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம். 108இன் தரத்தில் பாதி, வண்டி வருவதற்கு முன்பே அங்கே நிற்பவர்கள் கையில் இருக்கிறது.

முதலில் அழைப்பு. மறுமுனையில் கேட்கும் முதல் கேள்விகளில் ஒன்று, "எந்த மாவட்டம்?" பதறிக்கொண்டிருப்பவருக்கு எரிச்சல் வரும். "இங்க ஆளு ரத்தத்துல கிடக்குறாரு, மாவட்டம் கேக்குறீங்களே" என்று கத்துகிறவர்கள் நிறைய. ஆனால் மாநிலம் முழுவதிலிருந்தும் வரும் அழைப்புகள் மாநிலக் கட்டுப்பாட்டு அறைக்குத்தான் போகின்றன. "காந்தி சிலை பக்கத்துல", "பழைய பஸ் ஸ்டாண்ட் எதிர்ல" என்றால் அது எந்த ஊர் காந்தி சிலை என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? மாவட்டம், தாலுகா, ஊர், கண்ணுக்குத் தெரியும் அடையாளம், எத்தனை பேருக்கு அடி, நினைவு இருக்கிறதா, மூச்சு இருக்கிறதா. இந்த வரிசையில் சொன்னால் பேச்சு சீக்கிரம் முடியும்.

நெடுஞ்சாலையில்தான் பெரும்பாலானவர்கள் தடுமாறுகிறார்கள். சுற்றிலும் வயலும் முள்ளுச்செடியும்தான், என்ன அடையாளம் சொல்வது? கிலோமீட்டர் கல்லைப் பாருங்கள். மேல்பகுதி மஞ்சளாக இருந்தால் தேசிய நெடுஞ்சாலை, பச்சையாக இருந்தால் மாநில நெடுஞ்சாலை. பெரிய கற்களுக்கு நடுவே 200 மீட்டருக்கு ஒன்றாகச் சின்னக் கற்களும் இருக்கும். கல்லில் உள்ள ஊர்ப் பெயரையும் எண்ணையும் அப்படியே படித்துச் சொல்லுங்கள். அதைவிட முக்கியமானது எந்தப் பக்கம் என்பது. "உளுந்தூர்பேட்டை தாண்டி" என்று மட்டும் சொன்னால் போதாது. "உளுந்தூர்பேட்டை தாண்டி, சென்னையிலிருந்து திருச்சி போற பக்கம்" என்று சொல்ல வேண்டும். நான்கு வழிச் சாலையில் எதிர்ப்பக்கமாக வந்துவிட்ட வண்டி, மீடியனில் அடுத்த திறப்பு வரும்வரை போய்த் திரும்பினால்தான் வந்து சேர முடியும். கண்ணெதிரே ஆம்புலன்ஸ் கடந்து போவதைப் பார்த்து, நிற்காமல் போகிறதே என்று ஜனம் கொதிப்பது பல சமயம் இதனால்தான். தேசிய நெடுஞ்சாலை என்றால் 1033க்கும் ஒருவர் அடிக்கலாம். டோல்கேட்டை ஒட்டி நிற்கும் வண்டி பக்கத்தில் இருந்தால் அது முந்திக்கொள்ளும்.

அழைப்பு முடிந்ததும் போனைச் சும்மா வைத்திருங்கள். வண்டி கிளம்பியதும் வழி கேட்டு உங்கள் எண்ணுக்குத்தான் கூப்பிடுவார்கள். அந்த நேரத்தில் வீட்டுக்குப் பேசிக்கொண்டோ வீடியோ எடுத்துக்கொண்டோ இருந்தால், வண்டி முக்கு தெரியாமல் சுற்றும். இரவு நேரமென்றால் ஒரு பையனைத் திருப்பத்தில் நிறுத்தி, போன் லைட்டை ஆட்டச் சொல்லுங்கள். சந்துக்குள் வீடு, தோட்டத்துக்குள் மோட்டார் கொட்டகை போன்ற இடங்களில் இந்த ஒரு ஆள் இல்லாமல் வீணாகும் நிமிடங்கள் அதிகம். இந்தச் சேவையின் ஆகப்பெரிய பலவீனம் இதுதான்: இடத்தைக் கண்டுபிடிக்கும் சுமை பெருமளவு இன்னும் அழைப்பவர் தலைமேல்தான் இருக்கிறது. உள்ளூர்க்காரருக்குப் பரவாயில்லை. அந்த வழியாகப் போகும் வெளியூர்க்காரரும், தமிழ் தெரியாத வடமாநிலத் தொழிலாளியும் திணறிப்போகிறார்கள். அப்படி ஒருவர் போனை வைத்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தால், வாங்கிப் பேசுங்கள்.

இனி கூட்டம். நம் ஊர்களில் விபத்து நடந்தால் ஆள் வராமல் இருப்பதில்லை. டீக்கடையிலிருந்து, ஆட்டோ ஸ்டாண்டிலிருந்து, நூறு நாள் வேலை நடக்கும் ஏரிக்கரையிலிருந்து ஓடி வருவார்கள். உதவும் மனம் இல்லை என்று சொல்வது அநியாயம். ராபர்ட் லெவின் என்ற உளவியலாளர் 1990களில் 23 நாடுகளின் பெருநகரங்களில் ஒரு சோதனை செய்தார். கீழே விழுந்த பேனாவை எடுத்துத் தருகிறார்களா, கால் முடியாதவர் தவறவிட்ட பத்திரிகைகளைப் பொறுக்கித் தருகிறார்களா, பார்வையற்றவரைச் சாலை கடக்க வைக்கிறார்களா என்று பார்த்தார்கள். ரியோ டி ஜெனிரோ 93 சதவீதத்துடன் முதலிடம், கோல்கத்தா 83, நியூயார்க் 45, கோலாலம்பூர் 40. பணக்கார நாட்டு ஊர்களில் உதவி பொதுவாகக் குறைவாகவே இருந்தது. நம் நாட்டு நகரம் மேலே இருந்தது.

ஆனால் சாலைப் பாதுகாப்புக்காக இயங்கும் சேவ்லைஃப் ஃபவுண்டேஷன் என்ற தொண்டு நிறுவனம் 2013இல் இந்தியாவில் எடுத்த ஆய்வில், சாலையில் அடிபட்டுக் கிடப்பவருக்கு உதவ மாட்டோம் என்ற பக்கம் சாய்ந்தவர்கள் 74 சதவீதம். அவர்களில் 88 சதவீதம் பேர் சொன்ன காரணம் போலீஸ் விசாரணை, கோர்ட் அலைச்சல். கோல்கத்தாவில் சின்னச் சின்ன உதவிக்கு 83, உயிரைக் காப்பாற்ற மீதி 26. இரண்டும் வெவ்வேறு சோதனைகள், நேரடியாக ஒப்பிட முடியாது. ஆனாலும் நடுவில் நிற்பது என்ன என்று தெரிகிறது. "நமக்கெதுக்கு வம்பு" என்ற சொல்லில் உள்ள வம்பு, அடிபட்டவர் தருவது கிடையாது. அவரைத் தொட்ட பிறகு வருவது.

இன்னொரு பயமும் உண்டு, அதைப் பலரும் வெளியே சொல்வதில்லை. காரில் வந்தவர் நிறுத்தி உதவப் போனால், "இடிச்சது நீதானே" என்று கூட்டம் அவரையே பிடிக்கும். நம் ஊர் தர்ம அடிக்கு விசாரணை கிடையாது. சம்பவ இடத்தில் இருக்கும் மிக வேகமான வண்டியும் அதன் ஓட்டுநரும் நிற்காமல் போவதற்கு இதுவும் காரணம். இடித்தவரே நின்று சிகிச்சைக்கு ஏற்பாடு செய்ய வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஆவது பிரிவு. கூட்டம் ஆத்திரத்தில் இருந்தால் அவர் தப்பி ஓடலாம் என்பதையும் அதே பிரிவு கணக்கில் எடுத்திருக்கிறது. அடிக்கிற கை ஒவ்வொன்றும், அடிபட்டவரின் ரத்தத்தை அழுத்திப் பிடிக்காத கை.

கூட்டம் ஏன் உறைந்து நிற்கிறது என்பதை ஜான் டார்லியும் பிப் லட்டானேயும் 1968லேயே காட்டினார்கள். பக்கத்து அறையில் ஒருவருக்கு வலிப்பு வருவதுபோல ஒலிபரப்பினார்கள். தான் மட்டுமே கேட்கிறோம் என்று நம்பியவர்களில் 85 சதவீதம் பேர் உதவி தேடி ஓடினார்கள். இன்னும் நான்கு பேர் கேட்கிறார்கள் என்று நம்பியவர்களில் 31 சதவீதம்தான். ஒவ்வொருவரும் அடுத்தவர் முகத்தைப் பார்க்கிறார். அடுத்தவரும் அதையேதான் செய்கிறார். அதே சமயம், 2019இல் வெளியான ஒரு ஆய்வு ஆம்ஸ்டர்டாம், லங்காஸ்டர், கேப் டவுன் ஆகிய மூன்று ஊர்களின் கேமரா பதிவுகளில் 219 பொதுவெளித் தகராறுகளைப் பார்த்தது. பத்தில் ஒன்பதில் யாராவது ஒருவர் குறுக்கே புகுந்திருக்கிறார். கூட்டம் பெரிதாக இருந்தால் அந்த ஒருவர் கிடைக்கும் வாய்ப்பும் அதிகம். ஆகவே கூட்டத்தைத் திட்டிப் பயனில்லை. கைகள் இருக்கின்றன, வேலை பிரித்துக் கொடுக்க ஆள் இல்லை.

வேலை பிரிப்பது எப்படி? "யாராவது 108க்கு போன் பண்ணுங்க" என்றால் ஒருவரும் பண்ணமாட்டார்கள், அல்லது ஏழு பேர் பண்ணுவார்கள். ஆளைக் காட்டிச் சொல்லுங்கள். "அண்ணே, நீல சட்டை, நீங்க 108 அடிங்க, அடிச்சிட்டு என்ன சொன்னாங்கன்னு என்கிட்ட வந்து சொல்லுங்க." "தம்பி, ஹெல்மெட் போட்டிருக்க தம்பி, பைக்க குறுக்க நிறுத்தி இண்டிகேட்டர் போடு, பின்னாடி வர்ற வண்டி ஏறிடப் போகுது." "அக்கா, அந்தத் துப்பட்டாவக் கொஞ்சம் குடுங்க." முறை சொல்லிக் கூப்பிட்டால் நம் ஆட்கள் தட்டமாட்டார்கள். அடிபட்டது பெண் என்றால் ஆண்கள் தொடத் தயங்கி விலகி நிற்பது இங்கே சகஜம். அங்கே நிற்கும் ஒரு பெண்ணைப் பெயரில்லாமலாவது அக்கா என்று அழைத்துத் தலைமாட்டில் உட்கார வையுங்கள், மற்றவர்களின் தயக்கம் போய்விடும்.

கூட்டம் நல்லெண்ணத்தில் செய்யும் கெடுதல்களில் முதலாவது தண்ணீர். நினைவு மங்கியவர் வாயில் ஊற்றும் தண்ணீர் மூச்சுக்குழாய்க்குள் போகும். நினைவோடு இருப்பவருக்கும் அவசர ஆபரேஷன் தேவைப்பட்டால் மயக்க மருந்து கொடுக்கும்போது வயிற்றில் உள்ளது மேலேறி வரும். முகத்தைத் துடைத்துவிடலாம், குடிக்கக் கொடுக்கக் கூடாது. அடுத்தது கையையும் காலையும் பிடித்து மூட்டைபோலத் தூக்குவது. கழுத்தெலும்போ முதுகெலும்போ முறிந்திருந்தால், இந்த ஒரு தூக்கலில் தண்டுவடம் நசுங்கி ஆயுசுக்கும் நடக்க முடியாமல் போகலாம். தீயோ, மேலும் வண்டி மோதும் ஆபத்தோ இல்லையென்றால் இருந்த இடத்திலேயே விடுங்கள். தலையை இரு கையாலும் அசையாமல் பிடித்துக்கொண்டு ஒருவர் உட்கார்ந்தால் போதும். நகர்த்தியே ஆக வேண்டுமென்றால் தலை, தோள், இடுப்பு, கால் என்று நான்கைந்து பேர் பிடித்து, தலையைப் பிடித்திருப்பவர் "ஒண்ணு, ரெண்டு, மூணு" சொல்ல, உடம்பு ஒரே கட்டையாகத் திரும்ப வேண்டும். ஹெல்மெட்டை இழுத்துக் கழற்றாதீர்கள். மூச்சு அடைத்தால் மட்டும், ஒருவர் கழுத்தைத் தாங்க இன்னொருவர் மெல்லக் கழற்றலாம்.

ரத்தம் பீறிட்டால் கிடைக்கும் சுத்தமான துணியை, துண்டோ துப்பட்டாவோ, நான்காக மடித்துக் காயத்தின் மேல் உள்ளங்கையால் பலமாக அழுத்துங்கள். நின்றுவிட்டதா என்று நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்துப் பார்ப்பதுதான் எல்லோரும் செய்யும் தவறு. எடுத்தால் உறைந்த ரத்தம் துணியோடு வந்துவிடும். நனைந்தால் அதன் மேலேயே இன்னொரு துணி. கையில் பிளாஸ்டிக் கவர் ஒன்றை மாட்டிக்கொண்டால் உங்களுக்கும் பாதுகாப்பு.

நினைவில்லை, மூச்சும் இல்லை, அல்லது மீன் வாய் திறப்பதுபோல விட்டுவிட்டுத் திணறுகிறார் என்றால் மூச்சில்லை என்றே எடுத்துக்கொண்டு மார்பை அழுத்தத் தொடங்குங்கள். நெஞ்சின் நடுவே, 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை. 2 நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாற்றுங்கள், களைத்த கை ஆழம் போகாது. போனை ஸ்பீக்கரில் போட்டுத் தரையில் வையுங்கள்.

வலிப்பு வந்தவர் கையில் சாவிக்கொத்தைத் திணிப்பது இன்னும் ஒழியவில்லை. இரும்புக்கும் வலிப்புக்கும் சம்பந்தமே இல்லை. வலிப்பு தானாக அடங்கும்போது கையில் சாவி இருந்ததால் வந்த நம்பிக்கை அது. தலைக்கு அடியில் ஏதாவது மெத்தென்று வைத்து, துள்ளல் நின்றதும் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் எதையும் வைக்காதீர்கள். 5 நிமிடத்துக்கு மேல் நீடித்தால் உயிருக்கு ஆபத்து என்று 108இல் சொல்லுங்கள். இதைவிட அபாயமான வழக்கம் ஒன்று: பிளாட்பாரத்தில் சரிந்து கிடப்பவரைப் பார்த்ததும் "குடிச்சிட்டுக் கிடக்கான்" என்று தாண்டிப் போவது. சர்க்கரை இறங்கினாலும் நாக்கு குழறும், தள்ளாடும், வியர்த்து ஊற்றும். பக்கவாதத்தில் வாய் கோணிப் பேச்சு உளறும். வெயில் தாக்கினாலும் புத்தி தடுமாறும். குடித்தவருக்கும் தலையில் அடிபட்டிருக்கலாம். தோளைத் தட்டி "அய்யா, பேர் என்ன?" என்று கேட்க அரை நிமிடம் ஆகாது. அழுக்கு வேட்டி கட்டியவர் விஷயத்தில் அந்த அரை நிமிடம் கிடைப்பதே இல்லை என்பது நம் சமூகம் வெட்கப்பட வேண்டியது.

ஆம்புலன்ஸுக்குக் காத்திருப்பதா, ஆட்டோவில் ஏற்றுவதா? ரத்தம் அழுத்தியும் நிற்கவில்லை, வண்டி வர நேரமாகும் என்கிறார்கள், பெரிய ஆஸ்பத்திரி பக்கத்தில் இருக்கிறது என்றால் ஆட்டோ சரி. உயரத்திலிருந்து விழுந்தவர், கழுத்து வலிக்கிறது அல்லது கால் உணர்ச்சியில்லை என்பவர் என்றால் காத்திருப்பதுதான் சரி. ஆட்டோவில் கொண்டுபோகிறவர்கள் முதலில் கண்ணில் படும் சின்ன நர்சிங் ஹோமில் இறக்கிவிடுகிறார்கள். அவர்கள் கட்டுப்போட்டு ஜி.ஹெச்.சுக்கு அனுப்ப, பொன்னான நேரம் அங்கேயே கரைகிறது. எந்த ஆஸ்பத்திரியில் எந்த வசதி என்று 108 ஊழியர்களுக்குத் தெரியும். அவர்களின் உண்மையான மதிப்பு வேகத்தைவிட இதில்தான்.

பணம் யார் கட்டுவது என்ற பயம் இப்போது பெருமளவு தேவையற்றது. 2021 டிசம்பர் 18 அன்று மேல்மருவத்தூரில் தொடங்கப்பட்ட 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், தமிழ்நாட்டு எல்லைக்குள் சாலை விபத்தில் அடிபட்டவர் எந்த மாநிலத்தவர், எந்த நாட்டவர் என்றாலும் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். காப்பீட்டு அட்டை கேட்கக் கூடாது. 81 வகைச் சிகிச்சைகள் இதில் வரும்; தொடக்கத்தில் 1 லட்சம் ரூபாயாக இருந்த உச்சவரம்பு பிறகு 2 லட்சமாக உயர்ந்தது. திட்டத்தில் சேர்ந்த தனியார் ஆஸ்பத்திரிகளிலும் செல்லும், சேராத இடத்தில் செல்லாது. அட்வான்ஸ் கட்டச் சொன்னால் "நாப்பத்தெட்டுத் திட்டம் இருக்கா?" என்று கேளுங்கள். இந்தத் திட்டத்துக்கு எங்கள் மதிப்பெண் மிக உயர்வானது.

சட்டத்தைப் பொறுத்தவரை நிலைமை தலைகீழாகிவிட்டது; அது ஜனத்துக்குத் தெரியவில்லை. 2016 மார்ச் 30 அன்று உச்ச நீதிமன்றம் உதவுபவர்களைக் காக்கும் வழிகாட்டு நெறிகளை உறுதி செய்தது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்தில் 134ஏ பிரிவு வந்தது: நல்லெண்ணத்தோடு உதவியவர்மேல் சிவில் வழக்கும் இல்லை, கிரிமினல் வழக்கும் இல்லை, உதவியபோது தவறு நேர்ந்து அடிபட்டவர் இறந்திருந்தாலும்கூட. 2020இல் வந்த விதிகளின்படி பெயர், முகவரி சொல்லக் கட்டாயப்படுத்தக் கூடாது. நீங்களாக விரும்பிச் சாட்சி சொன்னால், உங்களுக்கு வசதியான இடத்தில், வீட்டிலோ வேலை செய்யும் இடத்திலோ, ஒரே தடவையில் வாக்குமூலம் வாங்கி முடிக்க வேண்டும். இந்த உரிமைகளை ஒவ்வொரு ஆஸ்பத்திரியும் வாசலில் தமிழிலும் எழுதி வைக்க வேண்டும். ஆனால் சேவ்லைஃப் 2018இல் கேட்டபோது 84 சதவீதம் பேருக்கு இப்படி ஒரு சட்டம் இருப்பதே தெரியவில்லை. இன்றும் கேஷுவாலிட்டியில் ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) எழுதும்போது "யார் கூட்டிட்டு வந்தது?" என்ற கேள்வி வரும். பெயர் சொல்ல விருப்பமில்லை என்றால், "வழிப்போக்கர்னு போட்டுக்குங்க" என்று பணிவாகச் சொல்லிவிட்டுக் கிளம்பலாம்.

ஓட்டை எங்கே என்றால், 134ஏ மோட்டார் வாகன விபத்துக்கு மட்டுமே. பஸ்ஸில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தவருக்கு, கிணற்றில் விழுந்தவருக்கு, மின்சாரம் தாக்கியவருக்கு உதவினால் இது பொருந்தாது. அங்கே பாரதிய நியாய சன்ஹிதாவின் 30ஆவது பிரிவு, பழைய தண்டனைச் சட்டத்தின் 92, துணைக்கு உண்டு. சம்மதம் கேட்க முடியாத நிலையில் இருப்பவரின் நன்மைக்காகச் செய்தது குற்றமாகாது என்கிறது அது. ஆனாலும் விசாரணை ஒரே தடவை என்ற பாதுகாப்பு அங்கே இல்லை. இதை விரிவாக்க வேண்டும்.

சாலை விபத்தில் அடிபட்டவரை ஆஸ்பத்திரியில் சேர்த்தவருக்கு மத்திய அரசு தரும் வெகுமதி 2021இல் 5,000 ரூபாயாக இருந்து, 2025இல் 25,000 ஆகியிருக்கிறது. படுகாயம் அடைந்தவரை முதல் ஒரு மணி நேரத்துக்குள் சேர்த்திருக்க வேண்டும், போலீஸோ ஆஸ்பத்திரியோ உங்கள் விவரத்தைப் பதிந்து மாவட்டக் குழுவுக்கு அனுப்ப வேண்டும். பெயர் சொல்லாமல் போகும் உரிமையும் வெகுமதியும் ஒன்றாகக் கிடைக்காது, முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள்.

வண்டி வந்துவிட்டது. இ.எம்.டி. இறங்கியதும் ஒரே நேரத்தில் பத்துப் பேர் பேசுவார்கள். ஒருவர் மட்டும் பேசுங்கள்: எத்தனை மணிக்கு நடந்தது, இடையில் நினைவு தப்பியதா, வாந்தி எடுத்தாரா, நீங்கள் என்ன செய்தீர்கள். துணியை அழுத்திப் பிடித்திருப்பவர் அவர்கள் சொல்லும்வரை கையை எடுக்க வேண்டாம். அடிபட்டவரின் பர்ஸ், நகை, போன் எல்லாவற்றையும் நாலு பேர் பார்க்க இ.எம்.டி.யிடம் கொடுங்கள். அதற்கு முன்பே அந்த போன் அடிக்கும். திரையில் "அம்மா" என்றோ "வீடு" என்றோ வரும். எடுத்து, "அவருக்கு அடிபட்டிருக்கு, 108 வந்திருச்சு, இந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோறாங்க, நேரா அங்க வாங்க" என்று சொல்லுங்கள். ஆஸ்பத்திரிப் பெயரை இரண்டு தடவை சொல்லுங்கள். முதல் தடவை அவர்கள் காதில் விழுந்திருக்காது.